கழுவிய விரலும் கழுவாத விரலும்: தோலின் நுண்ணுயிர்களைக் கெடுக்காமல் பராமரிப்பது எப்படி

எங்கள் லேபுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். ஒரு அகார் தட்டை (பாக்டீரியா வளர்க்க ஜெல்லி ஊற்றி வைத்த மூடித் தட்டு) எடுத்து, அதன் அடியில் மார்க்கர் பேனாவால் நடுவே கோடு போட வேண்டும். இடது பாதியில் கழுவாத கட்டைவிரலை மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு போய் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதே விரலை வலது பாதியில் அழுத்த வேண்டும். தட்டை மூடி 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பார்கள். கழுவிய பக்கம் பளிச்சென்று இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பல தட்டுகளில் அப்படி இருக்காது. கழுவிய பக்கத்தில்தான் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் கூடுதலாக முளைத்திருக்கும். போன முறை வந்த பெண் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பக்கத்தை மாத்தி எழுதிட்டேன் போல" என்றாள். அவள் மாற்றி எழுதவில்லை.

தோலில் இருக்கும் பாக்டீரியாக்களில் இரண்டு வகை உண்டு. கதவுப்பிடி, போன், இன்னொருவர் கை என்று எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வருபவை ஒரு வகை. மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும், சோப்பும் தண்ணீரும் பட்டால் போய்விடும். தொற்று நோய்கள் கை மாறிப் பரவுவது பெரும்பாலும் இவற்றால்தான். இன்னொரு வகை அங்கேயே குடியிருப்பவை. தோல் செதில்களின் இடுக்கிலும் மயிர்க்கால் குழிகளிலும் இருக்கும். பிலிப் பிரைஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வரிசையாகப் பல பேசின்களில் கையைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு பேசின் தண்ணீரிலும் எத்தனை பாக்டீரியா என்று எண்ணிப் பார்த்து 1938இல் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். முதல் வகை சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாவது வகை தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருக்கும். சோப்பின் காரம் செதில்களைத் தளர்த்திவிடுவதால், குடியிருந்தவை உலுக்கப்பட்டு மேலே வருகின்றன. வலது பாதியில் கூடுதலாக முளைத்தவை அவைதான்.

இதையெல்லாம் தினமும் கண்ணால் பார்க்கிற நான் என் முகத்துக்குச் செய்த வேலையைக் கேளுங்கள். நாள் முழுக்க மாஸ்க் போட்டு வேலை பார்த்ததில் 36 வயதில் தாடையைச் சுற்றிப் பரு வந்தது. ஆன்டிபாக்டீரியல் ஃபேஸ் வாஷ் வாங்கினேன், ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்க்ரப். ஆல்கஹால் கலந்த டோனர். ராத்திரி ஒரு அமில சீரம். முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருந்தது, உண்மைதான். மூன்றாவது மாதம் முகம் கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி விறைத்தது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஒரு நாள் எதற்கோ அழுதேன். கண்ணீர் வழிந்த இடம் கோடு போட்ட மாதிரி சிவந்துவிட்டது. பரு மட்டும் அப்படியே இருந்தது.

தோல் டாக்டர் என் பையில் இருந்ததை எல்லாம் மேஜை மேல் எடுத்து வைக்கச் சொன்னார். ஒன்பது உருப்படி. சன்ஸ்கிரீனை மட்டும் தனியே நகர்த்திவிட்டு, "மத்தது எதுவும் வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மருந்துச் சீட்டு இல்லாமல் டாக்டர் அறையை விட்டு வருவது என்னவோ போல் இருந்தது. ஆனால் நான் இங்கே சொல்லப்போகிற முறை அங்கிருந்துதான் தொடங்கியது.

யார் யார் இருக்கிறார்கள்

தோல் ஒரு வறண்ட, உப்பான, புளிப்பான நிலம். சாப்பாடு குறைவு. அதில் பிழைக்கத் தெரிந்தவைதான் அங்கே நிலைக்கின்றன. இடத்துக்கு இடம் ஆட்களும் மாறுவார்கள். தோல் நுண்ணுயிர் ஆய்வாளர்களான ஜூலி செக்ரே, எலிசபெத் கிரைஸ் குழுவினர் 2009இல் ஆரோக்கியமான 10 பேரின் உடம்பில் 20 இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். வறண்ட முன்கையில் சுமார் 44 வகை இருந்தன. காதுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பில் சுமார் 15தான். ஒரே ஆளின் உடம்பிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், உடம்பு முழுவதற்கும் 'சமநிலை' கொடுக்கும் ஒரே பாட்டில் என்பது எப்படி சாத்தியம்?

நெற்றி, மூக்கு மாதிரி எண்ணெய் சுரக்கும் இடங்களில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் ராஜ்ஜியம். பரு பாக்டீரியா என்று பெயர் வாங்கிய அதேதான். ஆனால் பருவே இல்லாத முகத்திலும் இது ஏராளமாக இருக்கிறது. தோல் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கி, தோலைப் புளிப்பாக வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதன் உட்பிரிவுகளில் சில மட்டும் பருவோடு சேர்ந்து காணப்படுகின்றன. எங்கள் அகார் தட்டில் இது முளைக்காது, ஆக்சிஜன் ஆகாது. தட்டில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். தோல் தன் ஈரத்தைப் பூட்டிவைக்கத் தேவையான செராமைடு உருவாவதற்கு இது ஒரு நொதியைத் தந்து உதவுகிறது. இன்னொன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ். இதன் சில ரகங்கள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற தொந்தரவுக்காரனைக் கொல்லும் பொருளைச் சுரக்கின்றன. எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் கிளம்பும் நாட்களில் தோலில் ஆரியஸ் பெருகி மற்ற வகைகள் குறைந்துபோவது பல முறை பார்க்கப்பட்ட விஷயம்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2016இல் வந்த ஒரு ஆய்வில் ஒரே ஆட்களின் தோலை இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டுப் பார்த்தபோது, அவரவர் கலவை பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆகவே குடியிருப்பவர்கள் ஓடிப்போய்விட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். அவர்கள் குழிக்குள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் பிடித்து வர வேண்டியதில்லை. நிலத்தின் புளிப்பையும் மேல் அடுக்கையும் நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் நிறுத்துங்கள்

நான்கு வாரம். இந்தக் கணக்கு ஏனென்றால், அடியில் பிறக்கும் தோல் செல் மேலே வந்து செதிலாக உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. வயது கூடினால் இன்னும் கொஞ்சம் அதிகம்.

இந்த நான்கு வாரத்துக்கு ஸ்க்ரப், முகத்துக்கான பிரஷ், டோனர், அமில சீரம், களிமண் பேக், வாசனை எண்ணெய்கள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். தூக்கிப் போட வேண்டாம், சிலது பின்னால் வேலைக்கு ஆகும். எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா வைத்தியங்களும் இதில் அடக்கம். பி.எச். என்பது புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்: 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். எலுமிச்சையின் பி.எச். 2 பக்கம், சோடா 8க்கு மேல். ஒன்று சுடும், இன்னொன்று சோப்பின் வேலையைச் செய்யும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

மீதம் இருக்க வேண்டியவை மூன்றுதான்: மென்மையான ஒரு கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன்.

என் கதை எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன், நடுவில் கைவிடாமல் இருக்க உதவும். முதல் வாரம் முகம் மங்கலாக, எண்ணெய் வழிந்து இருந்தது. கை அரித்தது, டப்பாவைத் திறக்கத்தான். இரண்டாம் வாரம் மூக்கோரம் தோல் உரிந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபின்தான் எரியவில்லை என்பதே உறைத்தது. பரு நான்கைந்து மிச்சம் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பி.எச். தாளை எடுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டுவேன்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு புளிப்பானது, பி.எச். சுமார் 5 அல்லது அதற்கும் சற்றுக் கீழே. 'அமிலப் போர்வை' என்ற பெயரை ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஷாடேயும் ஆல்ஃபிரட் மார்க்கியோனினியும் 1928இலேயே வைத்துவிட்டார்கள். சாதாரண கட்டி சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. பார்க்கச் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு எண் என்றால் 10 மடங்கு. 5க்கும் 9க்கும் நடுவே 10,000 மடங்கு.

அந்தப் புளிப்பு பல வேலைகளைச் செய்கிறது. செராமைடு தயாரிக்கும் நொதிகள் அந்தப் புளிப்பில்தான் நன்றாக ஓடும். செதில்களைப் பிரித்துவிடும் நொதிகள் புளிப்பு குறைந்தால் துள்ளி எழும். எபிடெர்மிடிஸ் புளிப்பைத் தாங்கும். ஆரியஸுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புளிப்பான தோலில் இறுகப் பற்றிக்கொண்டு இருக்கும், காரமானால் பிடி தளரும். கட்டைவிரல் தட்டில் பார்த்தது இதைத்தான். சோப்புப் போட்டபின் தோல் பழைய அளவுக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். திரும்புவதற்குள் அடுத்த கழுவல் என்றால், நாள் முழுக்கத் தோல் அந்தப் புளிப்பை எட்டவே எட்டாது.

இதைச் சோதிக்க லேப் வேண்டாம். எண் காட்டும் பி.எச். தாள் வாங்குங்கள். சிவப்பு, நீலம் மட்டும் காட்டும் லிட்மஸ் தாள் இதற்குப் பயன்படாது. சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு ஸ்பூன் ஊற்றி, சோப்புக் கட்டியை அதில் நனைத்து நுரை வரும்வரை தேயுங்கள். தாளை ஒரு நொடி முக்கி எடுத்து, ஈரம் காயும் முன் அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள். திரவமாக இருந்தால் அதே தண்ணீரில் கலக்கிச் சோதிக்கலாம். நான் எங்கள் குளியலறையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வைத்துச் சோதித்தேன். கட்டி சோப்புகள் எல்லாம் தாளைக் கரு நீலமாக்கின. குழந்தைப் படம் போட்டு 'மென்மை' என்று எழுதியிருந்ததும் அதில் ஒன்று. டப்பாவில் ஒளித்து வைத்திருந்த என் டோனர் தாளைச் செக்கச் செவேலென்று ஆக்கியது. ஒரு நாளில் முகத்தை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று முறை இழுத்தடித்திருக்கிறேன்.

தாள் இல்லையென்றால் லேபிளைப் படியுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட், சோடியம் டாலோவேட் என்று ஆரம்பித்தால் அது அசல் சோப்பு, காரமாகத்தான் இருக்கும். அசல் சோப்பை 5.5க்குக் கொண்டுவரவே முடியாது. அமிலத்தைச் சேர்த்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரிந்துவிடும். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்ற பெயர் முதலில் வந்தால் அது சின்டெட், அதாவது சோப்பே இல்லாத சோப்பு. கட்டியாகவும் கிடைக்கும், திரவமாகவும் கிடைக்கும். 4.5 முதல் 6க்குள் காட்டுவதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஆன்டிபாக்டீரியல்' என்ற சொல்லைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை இப்படிப்பட்ட வீட்டு சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. வெறும் சோப்பையும் தண்ணீரையும் விட இவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை.

கழுவும் விதம்

முகத்துக்கு ராத்திரி ஒரு முறை கிளென்சர். காலையில் வெறும் தண்ணீர். வியர்க்க வியர்க்க வேலை செய்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ இன்னொரு முறை. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு என்று கூடச் சொல்ல முடியாத அளவு சூடு போதும். விரல் நுனிகளால் அரை நிமிடம், அப்புறம் காதோரம், மயிர்க்கோடு எல்லாம் போகும்படி அலசல். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

உடம்புக்கு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் இந்த இடங்களில் மட்டும் தினமும் கிளென்சர் போதும். கை, கால், முதுகு எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லையென்றால் தண்ணீரிலேயே சுத்தமாகிவிடும். குளியல் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறந்த குழந்தைகளுக்குத் தோலின் புளிப்பு சில வாரங்களில்தான் படிப்படியாக உருவாகிறது. அவர்களுக்குக் கட்டி சோப்பைத் தினமும் போடுவது அந்த வேலையைக் கெடுப்பதுதான்.

கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும், புளிப்பாவது ஒன்றாவது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 நொடி. என்னைப் போல ஒரு நாளைக்கு முப்பது தடவை கை சுத்தம் செய்கிறவர்கள், கையில் அழுக்கு தெரியாத நேரங்களில் கிளிசரின் கலந்த ஆல்கஹால் ஹேண்ட் ரப்பைப் பயன்படுத்தலாம். சோப்பை விட அது கையை வறட்டுவது குறைவு. வெடித்த தோலில் எரிகிறது என்பதால் அது மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். வெடிப்பை உண்டாக்கியது பெரும்பாலும் அதற்கு முந்தைய சோப்புதான். படுக்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லியைக் கெட்டியாகத் தடவிக்கொண்டு பருத்தி கையுறை போட்டுக்கொள்வேன்.

உடம்பு தேய்க்கும் நார், லூஃபா பற்றி ஒன்று. குளியலறையிலேயே தொங்கிக்கொண்டிருந்த எனது லூஃபாவில் ஒரு நாள் பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தட்டில் தேய்த்தேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் திராட்சை வாசம் அடித்தது. தட்டு நீலப்பச்சையாக இருந்தது. லேபில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாசம் போதும், பார்க்கவே வேண்டாம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரத்தில் கொண்டாட்டமாக வளரும், மயிர்க்கால்களில் புண்ணாக்கும். அன்றோடு லூஃபா போயிற்று, கையே போதும் என்று ஆகிவிட்டது. உங்களுக்கு நார் இல்லாமல் முடியாது என்றால், குளியலறைக்கு வெளியே வெயில் படும் இடத்தில் முழுக்கக் காயவையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

பூசுவது

ஈரம் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர். லேபிளில் கிளிசரின் முன்வரிசையில் இருக்கட்டும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். எபிடெர்மிடிஸ் அதைச் சாப்பிட்டு அமிலமாகவும் மாற்றும். செராமைடு இருந்தால் நல்லது. மிகவும் வறண்ட தோலுக்குப் பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்), பாதத்துக்கு யூரியா. வாசனை வேண்டாம். இதில் ஒரு சூட்சுமம்: 'மணமற்றது' என்று எழுதியிருப்பதில் வேறு வாசனையை மறைக்க ஒரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது' என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். நிறுத்திய அந்த மாதம் 'இயற்கையானதுதானே' என்று ராத்திரியில் நெற்றியில் ஆலிவ் எண்ணெய் தடவினேன். பத்து நாளில் நெற்றி முழுக்க ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிக்கும் சின்னச் சின்னப் பொரிகள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டேன். தோலில் வாழும் மலசேசியா என்ற பூஞ்சையை லேபில் வளர்க்க வேண்டுமானால் நாங்கள் அகார் மேல் என்ன ஊற்றுவோம் தெரியுமா? ஆலிவ் எண்ணெய். அந்தப் பூஞ்சைக்குத் தானாகக் கொழுப்பு அமிலம் செய்துகொள்ளத் தெரியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். தட்டுக்கு ஊற்றுவதை நெற்றிக்கு ஊற்றியிருக்கிறேன். 2013இல் வந்த ஒரு ஆய்விலும், சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவிய முன்கைகளில் தோலின் தடுப்பு பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. பொடுகும் எண்ணெய்ப் பசையும் உள்ளவர்கள் முகத்துக்கு எண்ணெயே வேண்டாம் என்பது என் கட்சி.

'புரோபயாட்டிக்' கிரீம்களைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். லைசேட், ஃபெர்மென்ட் என்று இருந்தால் பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாறு. உயிருள்ளது எதுவும் உள்ளே இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று ஆள் பார்த்துக் கொல்லாது. அந்தச் சாறு சிலருக்கு எரிச்சலைத் தணிக்கலாம், பிடித்தால் பூசிக்கொள்ளுங்கள். 'மைக்ரோபயோமுக்கு (அதாவது தோலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு) உகந்தது' என்ற வாசகத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. 2017இல் தோல் ஆய்வாளர் ரிச்சர்ட் கேலோவின் குழுவினர் எக்ஸிமா நோயாளிகளின் தோலிலிருந்தே நல்ல பாக்டீரியாவை எடுத்து, வளர்த்து, கிரீமில் கலந்து அவர்களுக்கே பூசியபோது ஆரியஸ் குறைந்தது உண்மை. அது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகத் தயாரித்த உயிருள்ள மருந்து. கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு நேர் எதிரான பொறி 'பிரிசர்வேட்டிவ் இல்லாதது'. தண்ணீர் கலந்த கிரீமில் அது இல்லையென்றால் சில வாரங்களில் வேறு ஏதாவது குடியேறும். அப்படிப்பட்ட பெட்டிகளை நான் தட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம். விரலை விட்டு எடுக்கும் டப்பாவை விட பம்ப் பாட்டில் மேல்.

சன்ஸ்கிரீன் நிற்க வேண்டாம். வெயிலும் தோலின் தடுப்பு அடுக்கைக் கெடுக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம்.

திரும்பச் சேர்ப்பது, பரு, டாக்டர்

நான்கு வாரம் முடிந்து எரிச்சல் அடங்கிய பின்னும் பரு இருந்தால் மருந்து வேண்டும். நுண்ணுயிர்களைக் காப்பாற்றுகிறேன் என்று பருவைத் தழும்பாகும்வரை விடுவது மடத்தனம். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும்தான். ஆனால் அதற்கு எதிர்ப்பு உருவாவதில்லை. 2.5 சதவீதம் பலருக்குப் போதும், 10க்குப் போனால் எரிச்சல்தான் கூடும். துண்டு, தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். கிளின்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் தேறிவிடும். அதை டாக்டர் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் கொடுப்பார், எத்தனை நாள் என்றும் சொல்லிவிடுவார். எனக்கு அடபலீன் என்ற பரு மருந்து ஜெல், வாரத்தில் மூன்று ராத்திரி என்று தொடங்கியது. மூன்றாவது மாதம் தாடை தெளிந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது நெற்றிப் பொரிகள் அதிகமாகி அரித்தால், அது பரு இல்லாமல் மலசேசியாவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

டப்பாவில் இருப்பவற்றில் எதையாவது திரும்பக் கொண்டுவருவதானால் ஒரு சமயத்தில் ஒன்று. முழங்கை மடிப்பில் நாணய அளவு இடத்தில், நாளைக்கு இரண்டு முறை, 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் முகத்துக்கு. அடுத்த பொருளுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். ஒன்பது உருப்படியில் எனக்குத் திரும்பி வந்தது அந்த அமில சீரம் மட்டும், வாரம் ஒரு முறை.

தேன் நிறத்தில் பொருக்கு, நீர் கசிவு, வலியோடு பரவும் சிவப்பு, காய்ச்சல், இவற்றுக்கு நான்கு வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே டாக்டர். யாரோ கொடுத்த, பெயர் தெரியாத கிரீமை நிறுத்தினதும் முகம் தீயாய் எரிகிறது என்றாலும் அப்படித்தான். உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பயிற்சிப் பெண் அடுத்த வாரம் தன் வீட்டு சோப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்தாள். தாளை முக்கினாள், கரு நீலம். முழு டப்பா வாங்கி வைத்திருக்கிறாளாம், பன்னிரண்டு கட்டி. "வீணாப் போகுமே, என்னக்கா பண்றது?" என்றாள். கைக்கு வைத்துக்கொள், மிச்சத்தில் காலுறை துவை என்றேன்.